ஒரு தடவைதான் திரும்பினாள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு வீடியோ நாடாவை வேக வைத்தது.

வேக வைத்தது என்பது அவள் சொல். உண்மையில் உலர்த்தினோம். பழத்துண்டுகளைக் காய வைக்கும் மின்சாரப் பெட்டி, ஐம்பத்து நான்கு டிகிரி, எட்டு மணி நேரம். பழைய நாடாக்களில் காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, வருடக்கணக்கில் ஈரத்தைக் குடித்து இளகிப் போயிருக்கும். அப்படியே ஓட்டினால் தூள் உரிந்து வந்துவிடும். தூள் போனால் படம் போயிற்று. மிதமாகச் சூடு காட்டினால் பசை சில வாரங்களுக்கு இறுகி நிற்கும். அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும்.

சமையலறை மேசையில் பெட்டி. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். அம்மா பெட்டியில் இருந்த வெப்பமானியை நம்பவில்லை. நான் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானியையும் நம்பவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பத்தஞ்சு காட்டுது. குறைடி."

"ஒரு டிகிரிதானேம்மா. ஒண்ணும் ஆகாது."

"உங்க ஆஸ்பத்திரி மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. இது செத்துடும்."

நான் மருத்துவமனைகளில் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். பதினேழு வருட அனுபவம். அம்மா கண்ணுக்கு நான் இன்னும் திருப்புளியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளைதான். குறைத்தேன்.

அவளுடைய மூக்குக்கண்ணாடியின் இடது கால் உடைந்து, ஒட்டுநாடாவால் சுற்றப்பட்டிருந்தது. காதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"அதை முதல்ல மாத்தித் தொலையேன். பாக்கவே சகிக்கல."

"மாத்துவேன். இதுவும் முடியட்டும். ரெண்டு வேலையும் ஒண்ணாப் போய் முடிச்சுக்கிறேன்."

பிறகு ஒரு பழுப்பு உறையை எடுத்து அதன்மேல் ஏதோ எழுதினாள். பரீட்சையில் பக்கத்துப் பெண் பார்த்துவிடுவாள் என்பது போல இடது கையால் மறைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "உன் வேலையைப் பாரு" என்று பதில் வந்திருக்கும்.

அந்த நாடாவில் இருந்தது இதுதான்: பத்தொன்பது வயதுப் பாடகி ஒருத்தி பொய் மழையில் நனைந்துகொண்டு தலையைத் திருப்புகிறாள். இரண்டு வினாடிக்குச் சற்று மேல். அதற்காக எட்டு மணி நேரம்.

அம்மா தொலைக்காட்சி நிலையத்தில் படத்தொகுப்பாளராக இருந்தவள். தட்டச்சராகச் சேர்ந்தாள். விரல் வேகத்தைப் பார்த்துத் தொகுப்பு அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. இயந்திரங்கள் சூடாகக் கூடாது என்பதற்காக அங்கே குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மனிதர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இருபத்தாறு வருடம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்தினாலும் அதே ஸ்வெட்டரோடு பஸ் ஏறி வருவாள், கழற்றிக் கையில் சுமக்கச் சோம்பல். நிலையத்தில் அவளுக்குப் பெயரே ஸ்வெட்டர் அக்கா.

சனிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்குப் பாட்டு வீடியோ நிகழ்ச்சி, அரை மணி நேரம். புதிதாக ஒரு பாட்டு வந்தால் நிலையமே அதற்குப் படம் எடுக்கும். அம்மா தொகுப்பாள். இன்று பொற்காலம், பொற்காலம் என்று உருகுகிறார்களே, அந்த வீடியோக்கள்.

அவற்றை நான் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன். பொற்காலத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். புகை இருந்தது. எங்கே நெருப்பு என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைத் திரைச்சீலைகள் இருந்தன; அவற்றை ஆட்டுவதற்கு ஒரு மேசை விசிறி. கடற்கரை மணலில் ஒரு பியானோ. அதன்முன் உட்கார்ந்திருப்பவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. மண்டை பிளக்கும் வெயிலில் முழங்கால்வரை கோட்டு போட்ட ஆண். காதலி போய்விட்டாள் என்று அவளுடைய புகைப்படத்தைக் கிழிப்பார். அடுத்த காட்சியில் அது முழுதாக அவர் மார்பில் இருக்கும். இருநூறு மெழுகுவத்தி எரிகிற அறையில், தலையணையில் கூந்தலைப் பரப்பிக்கொண்டு ஒருத்தி தூங்குவாள். அந்த வீடியோவைத் தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

எடுத்து வந்த நாடாக்களைப் பார்த்து, ஒவ்வொரு காட்சியையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுவதும் அம்மாவின் வேலை. எல்லாப் பாட்டிலும் ஒரே காட்சிகள் வந்ததால் தனக்கென்று சுருக்கங்கள் வைத்துக்கொண்டாள். பு என்றால் புகை. தி என்றால் திரைச்சீலை. வெ.பா. என்றால் வெறித்த பார்வை. வெ.பா.ஜ. என்றால் ஜன்னல் வழியாக வெறித்த பார்வை. ஒரு பக்கம் முழுக்க பு, பு, வெ.பா., தி, பு, வெ.பா.ஜ. என்று போகும். படித்தால் ஏதோ வியாதிக்கு எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும்.

நல்ல காட்சிக்கு அவளிடம் ஒரே சொல்தான் உண்டு: சரி. அதற்குமேல் பாராட்டத் தெரியாது. நான் படிப்பை முடித்து மதிப்பெண் பட்டியலைக் கொண்டு வந்து கொடுத்த அன்றும் அதைத்தான் சொன்னாள்.

அம்மா இனிமையானவள் என்று எழுத எனக்கு வரவில்லை. என் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது, பத்துப் பேர் நடுவில், "புகை விட்டிருக்கான் பாரு. இது கல்யாணமா, கொசு ஒழிப்பா?" என்றாள். வீடியோ எடுத்தவர் அவளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பாடகியின் வீடியோவுக்கு வருகிறேன். மழை, ஜன்னல், பிரிவு, வழக்கமான சாமான்கள். மழை என்பது தோட்டக் குழாய். பாடகி புதியவள். மூன்று டேக்கில் தண்ணீருக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவதில் மூடவில்லை. அம்மாவின் குறிப்பேட்டில் அந்த வரி: "தலை திருப்பல், டேக் 4. சரி." அந்தப் பக்கத்தில் வேறு சரி எதுவும் இல்லை.

சனிக்கிழமை மாலை இயக்குநர் தன் நண்பர்கள் இரண்டு பேரைத் தொகுப்பு அறைக்கு அழைத்து வந்தார். அந்தத் திருப்பத்தைப் போடச் சொன்னார். பாடகியின் முகம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தி வைத்தபடியே பேச ஆரம்பித்தார். ஒளி எப்படி விழுகிறது பார், நான் கண்டுபிடித்த பெண் பார்.

இங்கே இயந்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாடாவை நிறுத்தினாலும் அதைப் படிக்கிற உருளை நிற்பதில்லை. நாடாவின் அந்த ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டு சுழலும். அரை நிமிடம் தாங்கும்.

"சார், ரொம்ப நேரம் நிறுத்தாதீங்க. நாடா போயிடும்."

"இரும்மா. மனுஷனை ரசிக்க விடு."

பதினொரு நிமிடம் ரசித்தார். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு பொத்தானை அழுத்தினாள். நாடா உருளையில் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. ஏறக்குறைய பதினான்கு சென்டிமீட்டர் கசங்கிவிட்டது. திருப்பத்தின் மொத்த நீளம் ஐம்பத்து நான்கு ஃபிரேம். முதல் பதினெட்டு மட்டும் தப்பியது. மிச்சமெல்லாம் கோடு.

மணி ஐந்தே முக்கால். ஏழு மணிக்கு ஒளிபரப்பு. பாட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது, நீளத்தைக் குறைக்க முடியாது. அம்மா பதினெட்டு ஃபிரேமை மூன்று முறை அடுத்தடுத்துப் போட்டாள். பதினெட்டு மூன்று ஐம்பத்து நான்கு. திரும்புகிறாள், திரும்புகிறாள், திரும்புகிறாள். முகம் ஒரு முறையும் முழுதாகத் தெரியாது. சட்டை முழங்கையில் கிழிந்தால் கையில் கிடைத்த துணியை வைத்துத் தைப்போமே, அந்த வேலை.

திங்களன்று அலுவலகக் கடிதம் வந்தது. நாடா சேதம், காரணம், தொகுப்பாளரின் கவனக்குறைவு. இயக்குநரின் கையெழுத்து. அதன் கீழே, ஒப்புக்கொண்டு, அம்மாவின் கையெழுத்து.

"நீ ஏன்மா போட்டே?" என்று பிற்பாடு கேட்டேன்.

"அன்னிக்கு எட்டுப் பாட்டு மிச்சம் கெடந்துச்சு. அந்தாளோட யாரு மல்லுக்கட்டுறது."

இந்தப் பதிலுக்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதே திங்களன்று பாடகி நிலையத்துக்கு வந்தாள். நடைபாதையில் அம்மாவை மறித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒரு தடவைதானே திரும்பினேன்? கழுத்து சுளுக்கின கோழி மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்களே. வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

"நாடா பழுதாயிடுச்சும்மா. மறு ஒளிபரப்புக்குள்ள சரி பண்ணித் தரேன்."

"நிஜமாவா?"

"தரேன்னு சொல்றேன்ல."

மறு ஒளிபரப்புக்குள் நேயர் கடிதங்கள் மூட்டையாக வந்து இறங்கின. எல்லாம் அந்த மூன்று திருப்பத்தைப் பற்றி. இயக்குநர் தொகுப்பு அறைக்கு வந்து, அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். வார முடிவில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அது அவருடைய கற்பனையாகிவிட்டது. பழுதாக இருந்தவரை அம்மாவுடையது. கலையானதும் அவருடையது.

முப்பத்து நான்கு வருடமாக அந்த ஒரே பேட்டியைக் கொடுத்து வருகிறார். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டி, "இங்க வெட்டுன்னு சொன்னேன்" என்பார். வீடியோ நாடாவை யாரும் வெட்டுவதில்லை. ஓர் இயந்திரத்தில் ஓட்டி இன்னோர் இயந்திரத்தில் பதிவு செய்வதுதான் தொகுப்பு. பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் அந்த விரல்கள் ஆடியிருக்காது.

இணையத்தில் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். முதல் திருப்பம் இறந்தகாலமாம். இரண்டாவது நிகழ்காலம். மூன்றாவது எதிர்காலம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நாலாவது தடவைக்கு இடம் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பான்?" என்றாள்.

பாடகிக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வீடியோவிலும் மூன்று முறை திரும்பச் சொன்னார்கள். அதற்கடுத்ததிலும். நான்காவதில் முடியாது என்றாள். ஐந்தாவது வரவேயில்லை. அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எடுத்த நாடாக்களை ஒளிபரப்புக்குப் பிறகு அழித்து மறுபடி பயன்படுத்துவது நிலையத்தின் வழக்கம். நன்றாக இருந்த நாடாக்களெல்லாம் அப்படி அழிந்தன. இது பழுது என்று தள்ளப்பட்டதால் அம்மா பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். கட்டிலுக்கு அடியில், பழைய ஸ்வெட்டர்களுக்கு நடுவில் வைத்தாள். மூன்று முறை வீடு மாறினோம். அப்பாவின் கைக்கடிகாரம் தொலைந்தது, என் பள்ளிச் சான்றிதழ்கள் தொலைந்தன. நாடா இருந்தது.

இந்த வருடம் ஒரு சேனலிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். இயக்குநருக்குப் பாராட்டு விழா. பொற்கால வீடியோக்களை மெருகேற்றித் திரையிடுகிறார்கள். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"மேடம், அந்த மூணு திருப்பம் எப்படித் தோணுச்சு?"

"தோணல. நாடா கசங்கிடுச்சு."

"ஓ... அதாவது, கசங்கின ஒரு மனசோட வெளிப்பாடு."

"மனசு இல்ல தம்பி. நாடா. பெட்டிக்குள்ள சுத்தி இருக்குமே, அது."

"சார் சொன்னாரு, மூணு நாள் உங்க பக்கத்துலயே உக்காந்து..."

"பத்து நிமிஷத்துல போட்ட ஒட்டு. உங்க சார் வெளிய டீ குடிச்சிட்டு இருந்தாரு."

அவர் சிரித்தார். "செம மேடம். இதையே மேடையில பேசுங்க. இன்னொரு சர்ப்ரைஸும் இருக்கு. அந்தப் பாடகி மேடத்தையும் கூப்பிடுறோம். எல்லார் முன்னாடியும் லைவா மூணு தடவை திரும்பச் சொல்லப் போறோம். அவங்களுக்கே இன்னும் தெரியாது."

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தனியாகப் பஸ் ஏறிக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடை எங்கே என்பது அவளுக்கு வெகு நாளாகத் தெரியும், போனதில்லை. அன்றும் உள்ளே போகவில்லை. எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

"ரெண்டு பேரு கண்ணாடி போட்டுப் பாத்துட்டு இருந்தாங்க," என்றாள். "ஒருத்தன் தலையைத் திருப்பிக் காட்டினான். மூணு தடவை. இன்னொருத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறா."

"சிரிச்சா நல்லதுதானேம்மா. பழகியிருக்கும்."

"லென்ஸைத் தொடச்சுக்கிட்டே சிரிச்சா. தொடச்சதையே தொடச்சிட்டு இருந்தா."

பிறகு கேட்டாள்: "அந்த நாடாவுல இருந்து எடுக்க முடியுமாடி? உங்க மெஷின்ல வயித்துக்குள்ள இருக்கிற குழந்தையே தெரியுது."

"எடுத்து? சேனலுக்கு அனுப்பப் போறியா?"

"அவனுங்க கெடக்கானுங்க. அவ கையில கொடுக்கணும். விழாவுக்கு முன்னாடி. அப்புறம் அதை மேடையில போட்டுக் காட்டுவாளோ, குப்பையில வீசுவாளோ, அவ இஷ்டம். நான் தரேன்னு சொன்னேன்."

அடுத்த வாரம் அம்மாவின் கண்ணாடிக் கால் உடைந்தது. தானாக உடைந்ததா என்று நான் கேட்கவில்லை. நாடாவை ஓட்டும் இயந்திரம் ஒரு மருத்துவமனைக் கிடங்கில் கிடைத்தது. இதயப் பரிசோதனைகளைப் பதிவு செய்ய ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். அதைச் சரி செய்ய எனக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. பிறகுதான் அந்த உலர்த்தல்.

உலர்த்திய நாடா ஒரு நாள் ஆற வேண்டும். அந்த ஒரு நாளில் அம்மா போய்விட்டாள். காலையில், குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில். இதயம். எழுபத்தொரு வயது. மருத்துவமனையில் எல்லா இயந்திரங்களும் ஒழுங்காக வேலை செய்தன. அவற்றில் இரண்டு நான் பழுது பார்த்தவை.

மறுநாள் இயக்குநர் வந்தார். கூடவே கேமராவோடு ஓர் ஆள். விழாவில் போடுவதற்காம்.

"உங்கம்மா கை தங்கமான கைம்மா," என்றார், என்னையும் கேமராவையும் சேர்த்துப் பார்த்து. "நான் இங்க வெட்டுன்னா அங்கயே வெட்டுவா." இரண்டு விரல்கள் ஆடின.

"நாடாவை வெட்ட மாட்டாங்க சார்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா."

"அந்த ரூம்ல கத்தரிக்கோலே கிடையாது சார்."

கேமராக்காரர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "நிறுத்திடவா சார்?" என்றார்.

"எடு, எடு," என்றார் இயக்குநர். ஜன்னல் பக்கமாகப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். வெளியே எதிர் வீட்டின் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும்.

வெ.பா.ஜ.

அவர்கள் போன பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் நாடாவை இயந்திரத்தில் போட்டேன். கசங்கிய பகுதியைப் பதினாறு முறை ஓட்டிப் பதினாறு பதிவு எடுத்தேன். ஒவ்வொரு முறையும் இரைச்சல் வேறு வேறு இடத்தில் விழும். படம் மட்டும் அதே இடத்தில் இருக்கும். பதினாறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் மங்கும், படம் நிற்கும். முற்றிலும் தேய்ந்துபோன வரிகளுக்கு மேலும் கீழும் உள்ள வரிகளிலிருந்து இரவல் வாங்கினேன். நாங்கள் ஸ்கேனில் செய்வது இதைத்தான். அம்மா சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள்.

ஐம்பத்து நான்கு ஃபிரேமும் கிடைத்தன.

பதினெட்டு வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பதிலிருந்து முகம் முழுதாக வருகிறது. குழாய்த் தண்ணீர் மூக்கில் ஏறுகிறது. மூக்கைச் சுளிக்கிறாள். தும்மல் வரப் பார்த்து, வராமல் நின்றுவிடுகிறது. அதற்குத் தானே சிரித்துக்கொள்கிறாள், கேமராவைப் பார்த்து அல்ல, பக்கத்தில் நிற்கும் யாரையோ பார்த்து. அத்தோடு காட்சி முடிகிறது. பிரிவுப் பாட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிரிப்பு. அந்தப் பொற்காலம் முழுவதிலும் மனித முகம் மாதிரி நான் பார்த்த ஒரே முகம் இதுதான். பதினொரு நிமிடம் இதை நிறுத்தி வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஒளியைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இணையத்தில் இருந்த வீடியோவை இறக்கி, மூன்று திருப்பத்தை எடுத்துவிட்டு இதை அந்த இடத்தில் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. முழுப் பாட்டையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். அந்த ஒரு சொல்லை நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் குரலில் அது நன்றாக இல்லை.

விழா வரும் சனிக்கிழமை. இன்று திங்கள்.

பழுப்பு உறை மேசை இழுப்பறையில் அவளுடைய கண்ணாடியோடு இருந்தது. நகலை ஒரு பென் டிரைவில் போட்டு அதற்குள் வைத்திருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை. அன்று கையால் மறைத்துக்கொண்டு எழுதியது, தனக்குத்தானே எழுதிக்கொண்டது:

"செவ்வாய் மதியம். கூட்டம் இருக்காது. கண்ணாடிக் கால் மாற்ற. இதைக் கொடுக்க. உட்காரச் சொன்னால் உட்காராதே. கதை அளக்காதே. ஒரு தடவைதான் திரும்பினாய் என்று சொல்லிவிட்டு வா."

அதன் கீழே கடையின் முகவரி. தெருப் பெயர் இருக்கிறது. கதவு எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறாள். எதிர்ச்சாரியில் நின்றே திரும்பி வந்தவளுக்கு அது தெரிந்திருக்காது.